நால்வகை அழுகையும் ஒரு மயானமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நெஞ்சில் நிலைத்துவிட்ட மேடை நிகழ்வுகளைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஏட்டில் உள்ளதைப் பற்றிப் பேசுவது தமிழாசிரியனுக்குப் பழக்கமான வேலை. ஐயம் வந்தால் புத்தகத்தைத் திறந்து மறுபடியும் பார்த்துக்கொள்ளலாம். மேடையிற் கண்டதைப் பற்றிப் பேசுவது அப்படியன்று. திரை விழுந்ததும் நாடகம் போய்விடுகிறது. பிரதி மிஞ்சலாம், புகைப்படம் மிஞ்சலாம், இக்காலத்தில் ஒளிப்பதிவும் மிஞ்சலாம். ஆனால் அன்றிரவு அந்த நடிகர் அந்தச் சபையின் முன் நின்றபோது நிகழ்ந்தது எதுவோ, அது பார்த்தவர்களின் நெஞ்சிலேதான் இருக்கிறது. ஆகவே இன்று நான் பேசப்போவது நாடகங்களைப் பற்றி மட்டுமன்று. அவற்றைப் பார்த்தவர்களைப் பற்றியுமாகும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடலாசிரியன் எப்படிப்பட்டவனாக இருக்கவேண்டும், இசையாசிரியன் எப்படி, தண்ணுமை முழக்குபவன் எப்படி, குழலோன் எப்படி, யாழோன் எப்படி என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு தருகிறார். மூன்றுவகை எழினிகளைக் குறிப்பிடுகிறார். தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கை எங்கே வைக்கவேண்டும் என்பதுகூட அவருடைய கவனத்துக்குத் தப்பவில்லை. ஆனால், எதிரே இருந்து பார்ப்பவன் எப்படி இருக்கவேண்டும் என்று இத்துணை விரிவாக அங்கே கூறப்படவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் எங்கள் ஊர்க் கோவில் வீதிகளில் பாய் விரித்திருந்து விடியவிடிய நாடகம் பார்த்தவர்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அரங்க மரபு பல கிளைகளைக் கொண்டது. வட்டுக்கோட்டைப் பகுதியின் கூத்து, பாஷையூர், குருநகர், நாவாந்துறை முதலிய கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களின் தென்மோடிக் கூத்து, அம்மன் கோவில்களில் நேர்த்திக்கடனாக ஆடப்படும் காத்தவராயன் கூத்து, தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களின் வழியாக இங்கே வேரூன்றிய இசை நாடகம், இவற்றுக்குப் பின்னால் வந்த நவீன நாடகம் என்று அவை விரியும். எல்லாவற்றையும் ஒரு சிறு உரைக்குள் அடக்குவது இயலாது. என்னை விட்டு நீங்காத சிலவற்றை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வருவது மயான காண்டம். வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணத்தில் ஒரு காண்டமாக உள்ள இந்தப் பகுதி, எங்கள் ஊரில் தனி நாடகமாகவே வளர்ந்துவிட்டது. 'அரிச்சந்திரா போடுகிறார்கள்' என்று சொன்னால் பெரும்பாலும் மயான காண்டம் என்றுதான் பொருள். அதனை யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு குறிச்சிக்கும் கொண்டுசென்றவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள். 1924 இல் பிறந்து 1989 இல் மறைந்தவர். வசந்த கான சபாவை நடத்தியவர். அவர் பல வேடங்களைத் தாங்கியிருந்தாலும், சுடலை காக்கும் அரிச்சந்திரன் என்றால் எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு அவருடைய குரலும் முகமுமே நினைவுக்கு வரும்.

அவரை மேடையிற் காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. அவர் மறையும்போது நான் சிறுவன். அவருடைய குரலை முதன்முதலில் நான் கேட்ட விதத்தை இன்றைய இளையவர்கள் நம்புவார்களோ தெரியாது. 1990 இன் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுவருவதற்கும் தடை. எனவே துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து, பின்சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின் எடுத்து வானொலி கேட்போம்; ரேப் றெக்கோடரும் அப்படியே. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மயான காண்டத்தின் ஒலிநாடா இருந்தது. மிதிப்பதற்கு இளைஞர்கள் முறைவைத்துக்கொள்வார்கள். மிதிப்பவனின் கால் சோர்ந்தால் அரிச்சந்திரனின் குரலும் சோரும். அவன் உற்சாகம் கொண்டு மிதித்தால் சந்திரமதி விரைந்து அழுவாள். சிரிப்புக்கிடமான காரியந்தான். ஆனால் அங்கிருந்த பெரியவர்கள் சிரிக்கவில்லை. நாடா இழுபட்ட இடங்களில் அவர்கள் தாமே அந்த அடியைச் சரியான சுருதியில் பாடி நிரப்பிக்கொண்டார்கள். அந்தப் பாட்டுகள் அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம்.

இதிலே ஓர் உண்மை இருக்கிறது. மயான காண்டம் பார்க்கப் போகிறவர் எவரும் கதை தெரியாமற் போவதில்லை. பிள்ளையைப் பாம்பு தீண்டும், தாய் தூக்கிவருவாள், சுடலையில் நிற்பவன் தகப்பன், முடிவில் இறைவன் காட்சி கொடுப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த கதையை இன்று இந்த நடிகர் எப்படித் தொடப்போகிறார் என்று பார்க்கவே போனார்கள். தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்ட நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையிலே சந்தித்து நடிக்கும் ஸ்பெஷல் நாடக முறை, இப்படி எல்லாம் தெரிந்த ஒரு சபை எதிரே இருந்ததனாற்றான் சாத்தியமாயிற்று. நடிகர் பாட்டை எடுத்ததும் அடுத்த அடி எங்கே போகும் என்று சபைக்குத் தெரியும். அது போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் சற்றே தாமதித்து நின்றால், அந்தத் தாமதத்தின் சுவையும் அதற்குத் தெரியும்.

காந்தியடிகள் தமது சத்திய சோதனையிலே, சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்ததையும், அது தம்மை விடாமற் பற்றிக்கொண்டதையும், எத்தனையோ தடவை தாமே மனத்துக்குள் அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். குஜராத்தில் ஒரு சிறுவனுக்கு அந்நாடகம் வாய்மையின் பாடமாயிற்று. எங்கள் ஊரிலோ அது துயரத்தின் பாடமாகவும் இருந்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு என்பது உயிரோ பொருளோ இழத்தல். அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் நின்று வருந்துதல். வறுமை விளக்கம் வேண்டாதது. உயர்தர வகுப்பில் இதனைப் படிப்பிக்கும்போது நான்குக்கும் நான்கு உதாரணங்களைத் தேடி நான் அலைவதில்லை. மயான காண்டம் ஒன்றே போதும்.

சந்திரமதி இறந்த மகனைத் தூக்கிவருகிறாள்; அது இழவு. நாடாண்ட அரசன் வீரவாகுவின் அடிமையாகிச் சுடலை காக்கிறான், அது அசைவு. அநாதைப் பிணத்தைக் களவாக எரிக்க வந்தவள் போல அவள் விரட்டப்படுகிறாள், அது இளிவு. கட்டணமாகக் கேட்கப்படும் முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கொடுக்க அவளிடம் எதுவுமில்லை, அது வறுமை. ஒரே மேடையில், ஒரே காட்சியில், இரண்டு பாத்திரங்களுக்கிடையே நால்வகை அழுகையும் வந்து கூடுகின்றன. இதைவிடச் செறிவான ஒரு நாடகக் காட்சியைத் தமிழிலே நான் அறியேன்.

அக்கட்டத்தில் ஓர் உரையாடல் வருகிறது. அதிலுள்ள கணக்குப் பலமுறை பார்த்தவர்களுக்கே முழுதாகப் புலப்படும். வாய்க்கரிசி காவற்காரனுக்குரிய கூலி; முழத்துண்டும் கால்பணமும் எசமானுக்குரியவை. அரிச்சந்திரன், தனக்குரிய அரிசியை வேண்டுமானால் விட்டுவிடலாம், எசமானுக்குரியதை விடுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்கிறான். தனதைக் கொடுப்பது கருணை. பிறனுடையதைத் தன்னுடையதுபோலக் கொடுப்பது பொய். இரண்டுக்கும் நடுவேயுள்ள மெல்லிய கோட்டிலே அந்த மனிதன் நிற்கிறான். அப்போதுதான், கணவனாகிய தன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் அந்தத் தாலியைக் காண்கிறான். அந்தக் கணத்தில் அரிச்சந்திரனாக நடிப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அன்றைய நாடகத்தின் வெற்றி தோல்வி தங்கியிருக்கிறது.

விடிய விடிய நாடகம் பார்ப்பதற்கு முதலில் ஓர் இரவு வேண்டும். இதனை நாங்கள் சிந்தித்ததேயில்லை, இரவுகள் பறிபோகும்வரை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பிவந்தோம். வீடு இருந்தவர்களுக்கு வீடு இருந்தது. ஆனால் இரவு இல்லை. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த அந்த ஆண்டுகளில் கோவில் திருவிழாக்கள் பொழுதுபடுமுன் முடிந்தன. மேளக்கச்சேரிக்கே நேரம் போதாத இடத்தில் மயான காண்டத்தை எங்கே வைப்பது? 2002 இல் போர்நிறுத்தம் வந்தபின்னரே இரவுகள் திரும்பின. 2006 ஓகஸ்டில் அவை மறுபடியும் போயின. இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில் குடாநாட்டில் அரங்கேறிய நாடகங்களை நினைத்தால், மழைக்காலத்தில் ஒரு நாள் வெயில் எறித்ததும் நெல்லைக் காயப்போட ஓடும் கமக்காரர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

2003 ஆம் ஆண்டு, வலிகாமத்தில் ஓர் அம்மன் கோவில் வெளிவீதி. நான் அப்போது பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருந்த இளைஞன். கச்சான் விற்பவர்கள், தேநீர்க் கொட்டில், ஓலைப்பாய்களில் குடும்பம் குடும்பமாகச் சனங்கள். முன்வரிசைப் பிள்ளைகள் திரை திறக்குமுன்பே நித்திரை. மேடையின் ஒருபுறம் ஆர்மோனியமும் மிருதங்கமும். சந்திரமதி வேடம் தாங்கியவர் ஓர் ஆண். ஐம்பது வயதைத் தாண்டியவராக இருக்கவேண்டும். திரை திறந்தபோது அவர் ஒரு பெண்ணாகத் தோன்றினார் என்று நான் சொல்லமாட்டேன். உயரமும் தோளும் காட்டிக்கொடுத்தன. ஆனால் துணியிற் சுற்றிய பிள்ளையை அவர் இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிய விதம் ஒன்று இருந்தது. பாரம் தாளாமல் மாற்றுகிற கை. மாற்றும்போது பிள்ளையின் தலை சாய்ந்துவிடாமல் தாங்குகிற கை. இறந்த பிள்ளைக்குத் தலை சாய்ந்தால் என்ன? ஆனால் தாயின் கைக்கு அது தெரியாதல்லவா! அந்த ஒரு செய்கைக்குப் பிறகு அவருடைய உயரமும் தோளும் என் கண்ணிற் படவில்லை.

அரிச்சந்திரனாக வந்தவர் தாலியைக் கண்ட கட்டத்தில் ஒன்றுமே செய்யவில்லை. ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. சபையும் காத்திருந்தது. நெடுநேரம் என்று தோன்றிய ஒரு மௌனத்தின் பின்னர், கையிலிருந்த கோலை மெதுவாக நிலத்தில் வைத்தார். பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

எனக்குச் சற்று முன்னால் ஒரு முதிய தாயார் இருந்தார். பாட்டு முடிந்தபோது அவர் பக்கத்திலிருந்தவரிடம், "அவளுக்கெண்டாலும் தூக்கிக்கொண்டு வர ஒரு பிள்ளை கிடைச்சுது" என்றார். அவர் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்திலிருந்தவர் ஒன்றும் பேசாமல் அவருடைய முழங்காலில் கையை வைத்துக்கொண்டார். அந்தத் தாயாரின் கதை எனக்குத் தெரியாது, விசாரிப்பதும் முறையன்று. ஆனால் 1996 ஆம் ஆண்டும் அதன் பின்னும் இந்தக் குடாநாட்டில் பிள்ளை போன இடம் தெரியாமல் முகாம் முகாமாக அலைந்த தாய்மார் எத்தனையோ பேர் என்பது நேயர்களாகிய உங்களுக்குத் தெரியும்.

நால்வகை அழுகை என்று வகுத்த தொல்காப்பியருக்கு இந்தத் தாயை எந்த வகையில் வைப்பதென்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். இழவு என்று சொல்வதற்கு, இழந்தோம் என்பது உறுதியாகத் தெரியவேண்டும். அவருக்கு அது தெரியாது. சந்திரமதியின் துயரம் அளவிடமுடியாதது என்று நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். அதையும் பார்த்துப் பொறாமைப்படத்தக்க ஒரு துயரம் இருக்கிறது என்பதை அன்றிரவு அந்தப் பாயில் இருந்த ஒருவர் எங்களுக்குச் சொன்னார். ஐந்நூறு ஆண்டுப் பழமையுள்ள புராணத்துக்கு அப்படியோர் உரையை எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை.

இசை நாடகத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. இக்கலையை வளர்த்த கலைஞரிற் பலர், ஒரு காலத்தில் கோவிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத சமூகங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வெளிவீதியிற் கொட்டகையில் நின்று, வாசலில் மறிக்கப்பட்ட நந்தனாராக நடித்தார்கள். கோவில் கதவுக்கு உள்ளே போகமுடிந்தவர்கள் வெளியே வந்திருந்து அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். பின்னர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழும்வரை, அதற்குப் பின்னும்கூட, அந்தக் கண்ணீர் எத்தனை கதவுகளைத் திறந்தது என்று கேட்டால் விடை பெருமைப்படத்தக்கதன்று. கலை மனத்தை உருக்கும். உருகிய மனம் கையை அசைக்குமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை நேராகவே கேட்ட நாடகமும் எங்களிடம் உண்டு. என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை', காத்தவராயன் கூத்துப் பாணியில் அம்பலத்தாடிகள் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. ஆலயப் பிரவேசத்தைப் பொருளாகக் கொண்ட நாடகத்துக்கு அந்தப் பாணியைத் தெரிந்தெடுத்தது பொருத்தமானது. காத்தவராயன் கூத்துப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

என் பட்டியலில் இரண்டாவதாக வருவதும் அதுவே. காத்தவராயன் கூத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடினமான தாளக்கட்டுகள் அதில் இல்லை. முன்னும் பின்னுமாக அசைந்து ஆடும் எளிய ஆட்டம். ஒருமுறை கேட்டால் வாயிற் தங்கிவிடும் மெட்டுகள். நள்ளிரவுக்குப் பின் பார்த்தால் மேடையில் இருப்பவர்களும் பாடுவார்கள், பாயில் இருப்பவர்களும் முணுமுணுப்பார்கள். ஒரே காத்தவராயனை அவனுடைய பருவங்களுக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்டோர் அடுத்தடுத்து ஆடுவதுமுண்டு. ஊரிலே ஆட விரும்பும் எல்லாருக்கும் அதில் இடமிருக்கிறது. ஆரியமாலை மேல் கொண்ட காதலுக்காகக் காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டம் வரும்போது பெரும்பாலும் கிழக்கு வெளுக்கும். அந்நேரத்தில் கொட்டகை விளக்கின் ஒளி மங்கி, வானத்து ஒளி நடிகரின் முகத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அரிதாரம் கலைந்து, வியர்வையோடு, இரவு முழுவதும் ஆடிய களைப்போடு ஒரு மனிதன் கழுமரத்தில் ஏறுகிறான். அங்கே நடிப்பு எது, உண்மையான களைப்பு எது என்று பிரிக்கமுடியாது. எந்த ஒளியமைப்பாளரும் அந்த விடியலைச் செய்துதர முடியாது.

மூன்றாவது, தவக்காலத்தில் நான் பார்த்த திருப்பாடுகளின் நாடகம். 1965 இல் நீ. மரியசேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் இந்நாடகத்தைப் பெரும் மேடைகளில் பன்னெடுங்காலமாக நிகழ்த்திவந்திருக்கிறது. அடிகளார் 2021 இல் மறைந்தார். நான் சைவக் குடும்பத்தில் வந்தவன். கதையின் விவரங்களிற் சில எனக்குப் புதியவை. ஆயினும் சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலைத் தாய் மடியில் வாங்கும் காட்சியில் எனக்கு எந்த உரையும் வேண்டியிருக்கவில்லை. மடியில் வாங்கிய கை, தலையைத் தாங்கிக்கொண்டது. அந்தக் கையை நான் முன்னரே அம்மன் கோவில் வீதியிற் கண்டிருந்தேன்.

நான்காவது நான் பார்க்காத நாடகம். பார்க்காததை எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்பீர்கள். பார்த்தவர்கள் சொல்லச்சொல்லக் கேட்டே எனக்குள் அரங்கேறிவிட்டதனாற் சேர்க்கிறேன். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தி, 1985 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினர் ஊரூராகக் கொண்டுசென்ற 'மண் சுமந்த மேனியர்' அது. 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியை உருவாக்கி, 'கூடி விளையாடு பாப்பா' முதலிய சிறுவர் நாடகங்களையும் தந்து, ஈழத்து நவீன நாடகத்துக்கு ஆசானாக விளங்கிய சண்முகலிங்கம் அவர்கள் 2025 ஆம் ஆண்டு தை மாதம் மறைந்தார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் தனித்திருக்கும் துயரை 'எந்தையும் தாயும்' என்ற நாடகத்தில் அவர் 1992 இலேயே எழுதிவிட்டார். இன்று எங்கள் ஒழுங்கைகளில் மாலை வேளையிற் படலையைப் பார்த்தபடி இருக்கும் முதியவர்களைக் காணும்போதெல்லாம் அந்தத் தலைப்பு நினைவுக்கு வருகிறது.

'மண் சுமந்த மேனியர்' என்ற தலைப்பு திருவிளையாடலை நினைவூட்டுவது. வந்திக்காகப் பிட்டை வாங்கி உண்டு, வைகைக் கரையை அடைக்க மண் சுமந்த இறைவனைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி பாண்டியன் முதுகிலும் பட்டது, அங்கிருந்தோர் எல்லார் முதுகிலும் பட்டது. உழைத்து வாழும் எளிய மனிதரின் கதைக்கு இந்தத் தலைப்பைச் சூட்டியதில் உள்ள நயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நாடகம் நடந்த வெளிகளில் சபையோர் இருந்த இருப்பைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசும்போது நடிகரின் பெயரைவிட, தாங்கள் எங்கே நின்று பார்த்தோம், பக்கத்தில் யார் நின்றார் என்பதைத்தான் முதலிற் சொல்லுகிறார்கள்.

இப்பொழுது இன்றைய நிலைக்கு வருகிறேன். பாடசாலைகளில் இசை நாடகமும் நாட்டுக்கூத்தும் தமிழ்மொழித் தினப் போட்டிகளால் உயிரோடு இருக்கின்றன. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக உள்ளது. இவை நல்லவை. ஒரு முழு இரவு நாடகத்தைச் சில நிமிடங்களுக்குள் சுருக்குகிறார்களே என்று குறைகூறுவோரும் உளர். சுருக்கம் மட்டும் ஒரு குற்றமாகாது. வைரமுத்து அவர்களைப் போலவே 1924 இல் பிறந்து 1989 இல் மறைந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனையில் 1962 இல் 'கர்ணன் போர்' தொடங்கி, 'இராவணேசன்' உட்படப் பல கூத்துகளைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். விடியவிடிய ஆடியது குறுகிய நேரத்துக்குள் வந்தது. கூத்து சாகவில்லை, படித்தவர்களும் அதனை மதிக்கத் தொடங்கினார்கள்.

என் கவலை நடிப்பவர்களைப் பற்றியதன்று. எங்கள் மாணவர் நன்றாகவே பாடுகிறார்கள், நன்றாகவே நடிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு எதிரே இருப்பவர்கள் யார்? மூன்று நடுவர்கள், நேரம் பார்ப்பவர் ஒருவர், தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் மற்றப் பாடசாலைப் பிள்ளைகள், கைத்தொலைபேசியிற் படம்பிடிக்கும் பெற்றோர். தம் பிள்ளையின் நிகழ்ச்சி முடிந்ததும் பெற்றோர் எழுந்துவிடுகிறார்கள். நடிப்பதற்குப் பயிற்சி கொடுக்கிறோம். பார்த்திருப்பதற்கு எவரும் பயிற்சி கொடுப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் போட்டிக்காக மயான காண்டம் பழக்கினேன். எங்களுடையது ஆண்கள் கல்லூரி. ஆகவே சந்திரமதியும் ஒரு மாணவனே. ஒத்திகையில் ஒருநாள் அவன், "சேர், நான் எந்த இடத்தில அழவேணும்?" என்று கேட்டான். "நீ அழவேண்டாம். பிள்ளையின் தலை சாயாமல் பிடிச்சுக்கொண்டு பாடு" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. விளங்குவதற்கு அவன் ஒரு முழு மயான காண்டத்தையேனும் கோவில் வீதியிற் பார்த்திருக்கவேண்டும். பார்த்ததில்லை என்றான். குழுவில் இருந்த பதினான்கு பேரில் மூவரே பார்த்திருந்தார்கள். அவ்வாண்டு ஆவணி மாதம், பக்கத்து ஊர்க் கோவிலில் மயான காண்டம் நடப்பதாக அறிந்து, பெற்றோரின் அனுமதியோடு அவர்களை அழைத்துச் சென்றேன். சிலர் நித்திரையாகிவிட்டார்கள். அதனால் பாதகமில்லை, நாங்களும் நித்திரையாகித்தான் பார்க்கப் பழகினோம். சந்திரமதியாக நடிக்கவிருந்தவன் மட்டும் விழித்திருந்தான். அவன் மேடையைப் பார்த்ததைவிடச் சபையைப் பார்த்ததே அதிகம். திரும்பி வரும்போது, "எல்லாருக்கும் பாட்டு முதலே தெரியுது சேர். பிறகேன் அழுகினம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு நான் விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடு அவன் மேடையேறியதே போதும் என்று இருந்துவிட்டேன்.

இன்று அதற்கு ஒரு விடை சொல்லிப் பார்க்கிறேன். மேடையில் உள்ளவன் அனுபவிப்பது காண்பவனைச் சென்றடைவதையே மெய்ப்பாடு என்று பழைய உரைகாரர் விளக்குவர். பாண்டியன் பிரம்பு ஒருவன் முதுகில் விழ, அது எல்லார் முதுகிலும் பட்டதென்ற கதையும் அதனைத்தான் சொல்லுகிறது. தனியே வீட்டிலிருந்து அழுதால் அது என் துயரம் மட்டுமே. ஊரோடு பாயில் இருந்து, எல்லாருக்கும் தெரிந்த பாட்டைக் கேட்டு அழும்போது, பக்கத்திலிருப்பவரின் கை என் முழங்காலுக்கு வருகிறது. அந்தக் கைக்காகத்தான் மனிதர் தெரிந்த கதையைத் திரும்பத்திரும்பப் பார்க்கப் போனார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே நேயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரிலோ அயலூரிலோ அடுத்த முறை இசை நாடகமோ கூத்தோ நடக்கும்போது, ஒரு பாயை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கச்சான் கேட்பார்கள், கொட்டாவி விடுவார்கள், மடியிற் படுத்து நித்திரை கொள்வார்கள். கொள்ளட்டும். கழுமரக் கட்டத்துக்கோ தாலி காணும் கட்டத்துக்கோ மட்டும் தட்டி எழுப்பிவிடுங்கள். இரவு எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதில் விழித்திருக்க ஆட்கள் வேண்டும்.